கூலிக் கணக்கில் இருக்கும் பெயர்கள்

ஏதென்ஸ்,
ஈஸ்டருக்கு முந்தைய வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலமா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று பேச்சை மாற்றிவிடுகிறாள். நீங்கள்தான் உள்ளதை எழுத வேண்டும்.

போன வாரம் எங்கள் வகுப்பு மொத்தமும் ஒரு பேருந்தில் கிளம்பி, தெற்கே மைசீனி, எபிடாரஸ், ஒலிம்பியா, அப்புறம் வடக்கே டெல்ஃபி என்று சுற்றிவிட்டு வந்தோம். போனில் சொல்லத் தொடங்கினேன். "அந்தக் கல்லை எப்படித் தூக்கினான்? எதை வைத்து இணைத்தான்?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் உங்கள் பட்டறையில் கல் லோடு வந்துவிட்டது. இது போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அம்மாவுக்கு இரண்டு வரி. சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஈஸ்டருக்கு முன்னால் இங்கே நீண்ட நோன்புக் காலம். அதைக் கடைப்பிடிப்பவர்கள் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டார்கள். அதனால் எந்தச் சின்ன உணவகத்துக்குப் போனாலும் பயறு, அவரை விதை, கீரை என்று நமக்குத் தோதான சாப்பாடு கிடைக்கிறது. எங்கள் தெருவில் வாரம் ஒரு நாள் காய்கறிச் சந்தை போடுகிறார்கள். விற்பவர்கள் கூவுவதைக் கேட்டால் மொழி புரியாவிட்டாலும் விலை புரியும். கோடையில் வெண்டைக்காய்கூட வரும், தக்காளி போட்டு எண்ணெய் மிதக்கச் சமைப்பார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி வாரத்தில் ஒரு தடவையாவது ஒரு தட்டு எதையாவது கொண்டுவந்து தந்துவிட்டுப் போகிறார். குளிர் போய்விட்டது. வெயில் இப்போது இதமாக இருக்கிறது.

சரி, கல்லுக்கு வருகிறேன்.

மைசீனி மலைமேல் இருக்கும் கோட்டை. அதன் சிங்க வாசலைக் கட்டி 3200 வருடம் ஆகிவிட்டது. வாசலுக்கு மேலே படுத்திருக்கும் ஒரே கல் ஏறத்தாழ 20 டன். அதற்கு மேலே சுவரின் கனம் நேராக அந்தக் கல்லில் இறங்காதபடி முக்கோணமாக இடம் விட்டு, அந்த இடத்தில் எடை குறைந்த பலகைக் கல் ஒன்றை நிறுத்தி, அதில் இரண்டு சிங்கங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சிங்கங்களின் தலைகள் இப்போது இல்லை. கோட்டைச் சுவரில் உள்ள பாறைகளைப் பார்த்தால் ஆள் கையால் வைத்தது என்று நம்பவே முடியவில்லை. பின்னால் வந்த கிரேக்கர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஒற்றைக் கண் ராட்சதர்கள் கட்டிய சுவர் என்று கதை சொன்னார்கள். வெயிலில் நின்று அந்தக் கல்லை இழுத்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாமல் போனதால் வேலை முழுவதும் ராட்சதன் கணக்கில் சேர்ந்துவிட்டது. எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது.

கோட்டைக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு கல்லறை. அங்கே நீங்கள் என்கூட இருந்திருக்க வேண்டும், அப்பா. மலைச்சரிவைக் குடைந்து, உள்ளே வட்டமாகக் கல் அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீட்டி நீட்டி உச்சியில் சேர்த்திருக்கிறார்கள். சாந்து கிடையாது. தரையில் குறுக்களவு 14 மீட்டருக்கு மேல், உயரம் 13 மீட்டருக்கு மேல். உள்பக்கம் நீட்டிய முனைகளையெல்லாம் இழைத்துவிட்டதால் சுவர் தேன்கூட்டின் உட்புறம்போல வழுவழுவென்று வளைந்து ஏறுகிறது. வெளியே மண்ணை மூடி அந்தப் பாரத்தாலேயே கல்லை அமுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கும் மேலாக உலகில் இதைவிடப் பெரிய கல் குவிமாடம் இல்லை. வாசலின் உள்பக்கத்து மேல்கல்லின் எடை சுமார் 120 டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மலைச்சரிவோடு சேர்த்துக் கட்டியதால் மேலிருந்து மண்ணால் சாய்வுப் பாதை போட்டு இழுத்துவந்து வைத்திருக்கலாம் என்று ஆசிரியர் சொன்னார். உங்களுக்கு வேறு வழி ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், வகுப்பில் சொல்கிறேன்.

எபிடாரஸில் ஒரு திறந்தவெளி அரங்கம், 55 வரிசை சுண்ணாம்புக்கல் இருக்கைகள். நடுவில் நின்று எங்கள் வகுப்பு இத்தாலியப் பையன் சாதாரணக் குரலில் பேசினான். மேலே உட்கார்ந்திருந்த எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. படிப்படியாக இருக்கும் இருக்கை வரிசைகளே இரைச்சலின் தாழ்ந்த ஒலிகளை மட்டுப்படுத்திவிட்டு, குரலின் உயர்ந்த ஒலிகளைத் திருப்பி அனுப்புகின்றன என்று 2007இல் ஓர் ஆய்வு வந்தது. கட்டியவர்கள் கணக்குப் போட்டுச் செய்தார்களோ, கை பழகிச் செய்தார்களோ, அரங்கம் இன்றும் வேலை செய்கிறது. கோடையில் அங்கே நாடகங்கள் நடக்கின்றன.

ஒலிம்பியாவில் நான் பேச வேண்டிய முறை. இந்த மாதிரிப் பயணங்களில் ஒவ்வொரு மாணவரும் ஓரிடத்தில் நின்று மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். எல்லோரும் கோயிலையோ விளையாட்டுத் திடலையோ கேட்டார்கள். நான் பட்டறையைக் கேட்டு வாங்கினேன். கிரேக்கர்களின் பெரிய சாமியான ஜீயஸின் கோயிலுக்குள் தங்கத்திலும் தந்தத்திலும் 12 மீட்டர் உயரத்துக்கு ஒரு சிலை இருந்தது. உலக அதிசயங்கள் ஏழில் ஒன்றாகச் சொன்னார்களே, அதுதான். செய்தவர் ஃபீடியாஸ். சிலை எப்போதோ அழிந்துவிட்டது. ஆனால் அவர் வேலை செய்த பட்டறையின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. கோயிலின் கருவறை என்ன அளவோ அதே அளவில் பட்டறையைக் கட்டியிருக்கிறார். சிலை உள்ளே எப்படி நிற்கும் என்று அங்கேயே பார்த்துவிடலாம் இல்லையா? 1950களில் அந்த இடத்தைத் தோண்டியபோது களிமண் அச்சுகள், கருவிகள், தந்தச் சிதறல்கள் எல்லாம் கிடைத்தன. கூடவே ஒரு சின்னக் கறுப்புக் குவளை. அதன் அடியில் "நான் ஃபீடியாஸுடையவன்" என்று கீறியிருக்கிறது. அருங்காட்சியகத்தில் அந்தக் குவளையின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். பட்டறையில் உங்கள் டம்ளரை வேறு யாரும் தொடக்கூடாது என்று ஆணியால் கீறி வைத்திருப்பீர்களே, அதை வகுப்பில் சொன்னேன். ஆசிரியர் சிரித்துவிட்டு அதைக் குறித்துக்கொண்டார்.

ஜீயஸ் கோயிலின் தூண்கள் நிலநடுக்கத்தில் விழுந்து, உருளை உருளையாகச் சாய்ந்தபடியே கிடக்கின்றன. அந்த ஊர்க் கல்லில் கடல் சிப்பிகள் பொதிந்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அது பளிங்கு இல்லை என்பதால் மேலே வெள்ளைச் சுதை பூசி மெருகேற்றியிருந்தார்கள். 2004இல் ஒரே ஒரு தூணை மட்டும் மறுபடி தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். தூணைச் சுற்றிச் சிவப்புப் பாப்பிப் பூக்கள் இப்போது மண்டிக் கிடக்கின்றன. கல்லில் யாராவது உட்காரப் போனால் காவலர் எங்கிருந்தோ விசில் அடிக்கிறார்.

அங்கிருந்து கடலைக் கடந்து டெல்ஃபிக்குப் போக 2004இல் திறந்த ஒரு நீளமான பாலம் இருக்கிறது. டெல்ஃபியில் எல்லோரும் குறி சொன்ன பெண் உட்கார்ந்த கோயிலைப் பார்க்கத்தான் போவார்கள். நானும் பார்த்தேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது கோயில் மேடையைத் தாங்குகிற சுவர். கி.மு. 6ஆம் நூற்றாண்டு வேலை. ஒரு கல்கூடச் சதுரம் இல்லை. ஒன்றின் வளைவுக்குள் அடுத்ததன் வளைவு போய் உட்காரும்படி அத்தனையும் கையால் பொருத்தியது. மண் எத்தனை முறை நழுவினாலும் அந்தச் சுவர் நிற்கிறது. அதன் முகத்தில் பொடி எழுத்தில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள். பெரும்பாலும் அடிமைகளை விடுவித்த பத்திரங்கள். அடிமையை அப்பல்லோ சாமிக்கு விற்பதாக எழுதிவிட்டால் அவர் விடுதலை ஆகிவிடுவார். அடிமையின் பெயர், விலை, சாட்சிகள் எல்லாம் கல்லில் ஏறியிருக்கிறது. பலருடைய விடுதலையில் எஜமானர் சாகும்வரை கூடவே இருந்து வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. ஆசிரியர் சில வரிகளைப் படித்து மொழிபெயர்த்தபோது பேருந்தில் வரும்வரை யாரும் அதிகம் பேசவில்லை.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு. எதை வைத்து இணைத்தார்கள்? அதற்குப் பதில் ஏதென்ஸிலேயே இருக்கிறது. பார்த்தெனான் கோயிலை கி.மு. 447இல் தொடங்கினார்கள். பளிங்கு, பக்கத்திலுள்ள பெண்டெலி மலையிலிருந்து வந்தது. அங்கேயும் சாந்து கிடையாது. பக்கத்துக் கற்களை இரும்புக் கிளாம்பு போட்டுப் பிணைத்து, சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். ஈயம் இருப்பதால் இரும்பில் தண்ணீர் படாது, அதிர்ச்சியையும் அது வாங்கிக்கொள்ளும். தூண் உருளைகளின் நடுவே சதுரக் குழி வெட்டி மரக்கட்டை செருகி, அதில் ஒரு மர அச்சு. ஒட்டும் முகங்களை அவ்வளவு துல்லியமாக இழைத்திருந்ததால், பழுது பார்க்கப் பிரித்தபோது சில கட்டைகள் மக்காமல் அப்படியே இருந்தன. தூணின் நெடுக ஓடும் வரிகளை, தூணை நிறுத்திய பிறகுதான் மேலிருந்து கீழே செதுக்கியிருக்கிறார்கள். முன்பே செதுக்கினால் தூக்கும்போது விளிம்பு உடையும், உங்களுக்குத் தெரியாததா.

இன்னொன்று. அந்தக் கோயிலின் தரை மட்டமாக இல்லை. நடுவில் மெல்ல உயர்ந்து இரு பக்கமும் தாழ்கிறது. நீளப் பக்கத்தில் அந்த உயர்வு 11 சென்டிமீட்டர் அளவு. தூண்கள் எல்லாம் லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்கின்றன. அதனால் பார்க்கும்போது ஒரே மாதிரி தோன்றினாலும் ஒவ்வொரு கல்லும் தனி அளவு, தனிக் கோணம்.

1687இல் வெனிஸ் படை சுட்ட குண்டு உள்ளே சேமித்திருந்த வெடிமருந்தில் விழுந்து கோயில் நடுவில் பிளந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீர்செய்தவர்கள் ஈயம் பூசாத இரும்பைப் போட்டதால் அது துருப்பிடித்து, வீங்கி, பளிங்கையே வெடிக்க வைத்தது. இப்போது அதையெல்லாம் எடுத்துவிட்டு டைட்டானியம் போடுகிறார்கள். அது துருப்பிடிக்காது. பாரம் மீறினால் முதலில் கிளாம்பு போகட்டும், பழைய கல் தப்பட்டும் என்று கணக்கிட்டுச் செய்கிறார்கள். உடைந்த கல்லின் முகத்தைச் சமப்படுத்துவதில்லை. உடைவை அச்செடுத்து, புதுப் பளிங்கை அந்த மேடு பள்ளத்துக்கு ஏற்பச் செதுக்கிச் சேர்க்கிறார்கள். கல் தச்சர்கள் சிலர் டினோஸ் தீவுக்காரர்கள், தலைமுறை தலைமுறையாகப் பளிங்கு வேலை செய்பவர்கள். உளி சத்தம் கேட்டதும் எனக்கு நம் வீட்டுப் பக்கம் திரும்பியதுபோல இருந்தது. அவர்களில் வயதான ஒருவரிடம் என் அப்பா கருங்கல்லில் வேலை செய்பவர் என்று சொன்னேன். உடனே என் கையில் தன் உளியைக் கொடுத்து முனையைப் பார்க்கச் சொன்னார்.

பார்த்தெனானுக்குப் பக்கத்தில் எரெக்தியான் என்று இன்னொரு கோயில். பெண் உருவங்களே தூணாக நிற்கும் கோயில், படத்தில் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டிய கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். கி.மு. 409க்கும் 407க்கும் இடைப்பட்ட கணக்கின் துண்டுகள் இன்றும் இருக்கின்றன. எந்தத் தூணுக்கு யார் யார் வரி செதுக்கினார்கள், எவ்வளவு கூலி என்று பெயரோடு இருக்கிறது. நாட்கூலி ஒரு டிராக்மா, அந்தக் கால வெள்ளிக் காசு. ஊர்க் குடிமகனுக்கும் அதே, வெளியூரிலிருந்து வந்து தங்கியவனுக்கும் அதே, அடிமைக்கும் அதே. கட்டடத்தைத் திட்டமிட்ட ஸ்தபதிக்கும் ஏறக்குறைய அதேதான். அடிமையின் கூலி பெரும்பாலும் எஜமானரிடம் போயிருக்கும், அதை மறந்துவிட்டுப் பெருமை பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சிமியாஸ் என்ற கல் தச்சரின் பெயருக்குக் கீழே அவரோடு அதே தூணில் உளி பிடித்த அடிமைகளின் பெயர்களும் வரிசையாக வருகின்றன. 2400 வருடம் கழித்து மாமல்லபுரத்துப் பெண் ஒருத்தி அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"செய்தவன் பேர் எதற்கு? சாமி பேர் போதும்" என்று சொல்வீர்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், அப்பா. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் பெயர் இருக்கிறதே. சாமி அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். என் பழைய கல்லூரி நோட்டுகள் பரண்மேல் இருக்கின்றன, பாதிக்குமேல் வெறும் தாள்தான். ஒன்றை எடுத்து, நீங்கள் இதுவரை செய்த வேலைகளை எழுதுங்கள். எந்த ஊர்க் கோயில், எந்தத் தூண், எந்த வருடம், கல் எங்கிருந்து வந்தது, கூட வேலை செய்தவர்கள் யார், அப்போது கூலி என்ன. கடல் தாண்டிப் போன சிலைகளும் சேர்த்துத்தான். தாத்தாவோடு முதன்முதலில் வேலைக்குப் போன கோயிலிலிருந்து தொடங்குங்கள். கை வலித்தால் நீங்கள் சொல்லத் தம்பி எழுதட்டும். ஆனால் உடன் இருந்தவர்களின் பெயர் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. டீ வாங்கிக்கொடுத்த பையன் பெயரும் வேண்டும்.

ஜூலையில் வரும்போது உங்களுக்கு ஒரு டினோஸ் உளி வாங்கிவருகிறேன். பளிங்குக்கு அடித்தது, கருங்கல்லுக்குத் தாங்குமா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்