டெய்லர் என்றால் எந்த டெய்லர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிராந்தியப் பொருளாதார வளர்ச்சி, தொழிலாளர் கொள்கை ஆகிய துறைகளில் ஆலோசகர் ஆவது எப்படி என்று சென்ற வாரம் உங்கள் கல்வி இணைப்பில் ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. அதை போட்டோ எடுத்து என் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கூடவே ஒரு வரி: "மாமா, நீங்க செய்யற வேலைக்கு இவ்வளவு பெரிய பேரா?"

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பதின்மூன்று வருடமாகத் திருப்பூர் மாவட்டத்திலும் சுற்றுப்பட்டிலும் இந்த வேலையைத்தான் செய்கிறேன். யாராவது கேட்டால் என் அம்மா, "கணக்கெடுக்கற வேலைங்க" என்று சொல்லிவிடுவார். அது ஒன்றும் தப்பில்லை.

கட்டுரையில் சொன்னது பொய்யில்லை. வெளிநாட்டுப் பட்டம், எம்.பி.ஏ., பன்னாட்டு ஆலோசனை நிறுவனங்கள், உலக வங்கித் திட்டங்கள் எல்லாம் உள்ளவைதான். ஆனால் படித்து முடித்தபோது, இது குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஸ்லைடு தயாரிக்கும் வேலை என்ற எண்ணம்தான் மிஞ்சியது. இதை நம்பி என் அக்கா மகன் கிளம்பிவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம்.

நான் இதற்குள் வந்தது தற்செயல். அப்பா சின்னதாக ஒரு பேட்லாக் யூனிட், அதாவது பனியன் தைக்கும் பட்டறை, வைத்திருந்தார், எட்டு மெஷின். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அந்த உத்தரவைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் சாயம் நின்றால் துணி வராது, துணி வராவிட்டால் மெஷின் ஓடாது. எங்கள் டெய்லர்கள் ஒவ்வொருவராக ஊருக்குப் போனார்கள். எம்.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை, ஒரு சர்வேக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நண்பன் கூட்டிப்போனான். ஒரு படிவத்துக்கு 80 ரூபாய். பெட்ரோல் நம்முடையது.

படிவம் முழுக்க ஆங்கிலத்தில். ஒவ்வொரு கம்பெனிக்கும் போய், எந்த வேலைக்கு எத்தனை பேர் தேவை என்று கேட்டு எழுத வேண்டும். எங்கே போனாலும் ஒரே பதில்: "டெய்லர் வேணுங்க." நானும் 'டெய்லர்' என்றே எழுதிக்கொடுத்தேன். படிவங்கள் வேறொரு நகரத்துக்குப் போயின. அங்கே கணினியில் ஏற்றிய பிள்ளைகள் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் கொடுக்கும் தேசியத் தொழில் வகைப்பாட்டைத் திறந்து, டெய்லர் என்று எங்கே இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். பின்னால் வந்த 2015 வகைப்பாட்டில் 7531 என்பது டெய்லர், அதாவது அளவெடுத்து, வெட்டி, சட்டையும் ஜாக்கெட்டும் தைத்துக் கொடுப்பவர். பனியன் கம்பெனியில் உட்கார்ந்து தைப்பவர் 8153, தையல் இயந்திரம் இயக்குபவர். திருப்பூரில் இருவருக்கும் பெயர் டெய்லர்தான். அதிலும் மெஷினைப் பொறுத்துச் சிங்கர் டெய்லர் வேறு, ஓவர்லாக் வேறு, பேட்லாக் வேறு. ஒன்றில் கை பழகியவரை இன்னொன்றில் உட்கார வைத்தால் முதல் வாரம் பீஸ் எண்ணிக்கை பாதிகூடத் தேறாது.

இரண்டாவது முறை களத்துக்குப் போனபோதுதான் பழைய அட்டவணை என் கையில் கிடைத்தது. ஆயிரக்கணக்கான ஆட்கள் அளவெடுத்துத் தைக்கும் டெய்லர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அட்டவணையைப் பார்த்து ஒருவர் பயிற்சி மையம் தொடங்கினால் என்ன நடக்கும்? கால்மிதி மெஷினில் ஜாக்கெட் வெட்டச் சொல்லிக்கொடுத்து, சான்றிதழ் கொடுத்து, பனியன் கம்பெனிக்கு அனுப்புவார். கம்பெனிக்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு, "முதல்ல கைமடிக்கப் போடுங்க" என்பார், அதாவது டெய்லருக்கு உதவியாள் வேலைக்கு. அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தவறு அவர்களிடம் இல்லை. பாதித் தவறு என்னுடையது. அடைப்புக்குறிக்குள் 'ஓவர்லாக்' என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுத எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது 'எத்தனை பேர்' என்ற கேள்வி. ஒரு முதலாளி சொன்னார், "நாப்பது பேர் வேணுங்க." இன்றைக்கேவா என்று கேட்டேன். "ஷிப்மெண்ட் வர்றப்போ." பக்கத்துத் தெருவில் அவருக்கு ஜாப் ஒர்க் செய்யும் பவர்டேபிள்காரரை, அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்காரரைக் கேட்டேன். அவருக்கும் முப்பது பேர் வேண்டுமாம். இரண்டு பேரும் கேட்பது ஒரே ஆர்டருக்கு, அந்த நாற்பதுக்குள்தான் இந்த முப்பதும். காகிதத்தில் அது எழுபது ஆகிவிடுகிறது. இப்படி ஒரு மாவட்டம் முழுக்கக் கூட்டினால், கிடைக்கும் எண்ணுக்கும் பூமிக்கும் சம்பந்தம் இருக்காது.

சரி, உண்மையிலேயே ஆள் இல்லையா? இல்லைதான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இல்லாவிட்டால் இன்று பல கம்பெனிகளில் மெஷின் ஓடாது. அவர்கள் பண்டிகைக்கோ தேர்தலுக்கோ ஊருக்குப் போனால் இங்கே ஷிப்ட் குறையும். ஆனால் தைக்கத் தெரிந்த எங்கள் ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேர் வீட்டில் இருக்கிறார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டுப் பார்த்தேன். ஒன்றரை ஷிப்ட் நிற்க முடியவில்லை, ஒரு ஷிப்ட் சம்பளத்தில் வீட்டு வாடகை கட்டுப்படி ஆகவில்லை என்றார்கள். அதை அறிக்கையில் அப்படியே எழுதினேன்: இங்கே பற்றாக்குறை திறனில் இல்லை, கூலியிலும் நேரத்திலும் வாடகையிலும் இருக்கிறது. இறுதி வடிவம் வந்தபோது அந்த வரியைக் காணோம். குழுத் தலைவரிடம் கேட்டேன். "அது நம்ம ஸ்கோப்ல இல்ல சார்" என்றார்.

அவர் சொன்னதும் ஒருவகையில் சரிதான். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றுதான் டெண்டர் கேட்டது. பயிற்சிதான் தேவையா என்று அதில் யாரும் கேட்கவில்லை. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டிய காகிதம் அந்த டெண்டர். பதில் எதுவரை போகலாம் என்பது அதிலேயே எழுதியிருக்கும்.

கட்டுரையில் 'தரவுப் பகுப்பாய்வுத் திறன்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குள் எவ்வளவு இருக்கிறது தெரியுமா! பி.எஃப். கணக்கைப் பார்த்தால் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம்தான் தெரியும். தொழிற்சாலைப் பதிவேடோ, நான் களத்துக்கு வந்த காலத்தில், மின்சாரத்தில் ஓடும் இடமென்றால் 10 பேரிலிருந்து. அதனால் ஒன்பது பேர் ஒரு அறையில், எட்டுப் பேர் அடுத்த அறையில் மனைவி பெயரில். இரண்டு அறைக்கும் வாசல் ஒன்று, டீ ஒன்று. இந்த இரண்டு கணக்கிலும் அந்தப் பதினேழு பேர் கிடையாது. தெருவில் நடந்தால்தான் தெரியும்.

மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு 2017இல் தொடங்கியது. வெகுகாலம் அதிலிருந்து மாநில அளவில்தான் நம்பிக்கையான எண் எடுக்க முடிந்தது. மாவட்டத்துக்கு எண் வேண்டுமென்றால், நாங்கள் மாநில எண்ணை எடுத்து 2011 மக்கள்தொகை விகிதத்தில் பிரித்துப் போடுவோம். வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து மாவட்டத்தையே அடிப்படை அலகாக வைத்து வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு இது தீபாவளி. வீடுவாரியான மூலத் தரவையும் புள்ளியியல் அமைச்சகம் காசில்லாமல் தருகிறது. அதைத் திறந்து படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை ஒவ்வொரு மாவட்டத்திலும் இருந்தால் போதும், பாதி ஆலோசனை நிறுவனங்களுக்கு வேலை குறைந்துவிடும்.

மாவட்டம் என்றதும் இன்னொன்று. திருப்பூர் மாவட்ட அறிக்கை எதை எடுத்தாலும் பக்கத்துக்குப் பக்கம் பனியன். 2009இல் பிறந்த இந்த மாவட்டத்தில் பல்லடத்துக் கோழிப்பண்ணைகள் இருக்கின்றன. கறிக்கோழியின் பண்ணை விலையே இங்கேதான் அறிவிக்கப்படுகிறது. காங்கேயத்தில் அரிசி ஆலையும் கொப்பரைக் களமும், வெள்ளக்கோவிலில் விசைத்தறி, அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை, உடுமலைப் பக்கம் காற்றாலை. காற்றாலையில் ஏறிப் பழுது பார்க்கும் பையனுக்கு என்ன பயிற்சி, பட்டறையில் பாலீஷ் போடுபவர் மகன் ஏன் அந்தத் தொழிலுக்கு வருவதில்லை என்று எந்தப் படிவமும் என்னைக் கேட்கச் சொன்னதில்லை. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் 50 சதவீத வரி போட்டபோது, "பனியனை விட்டால் இந்த மாவட்டத்தில் வேறு என்ன?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். அறிக்கைகளைப் புரட்டினால் பதில் இருந்திருக்க வேண்டும். இல்லை.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குண்டடம் பக்கம் ஒரு கிராமத்தில் வரிசையாகப் பதினோரு வீட்டில், பெண்களுக்கு வேலைக்குப் போக விருப்பமில்லை என்று குறித்தேன். கேட்டது திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆண்களிடம். திரும்பும்போது கடையில் டீ குடிக்க நின்றேன். கடைக்கார அம்மா சிரித்தார். "மில்லு வேன் ஆறு மணிக்கு வருதுங்க. புள்ளைங்களை யாரு பள்ளிக்கொடத்துக்கு அனுப்பறது? எட்டரைக்கு வந்தா நாங்க பத்துப் பேரு ஏறுவோம்." 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு அரசு டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. ஆனால் அந்த ஊருக்குக் காலையில் வருவது ஒரே பஸ், அதுவும் அந்த நேரத்துக்கு ஒத்துவராது. என் படிவத்தில் வேன் வரும் நேரத்துக்குக் கட்டம் இல்லை. அன்றிலிருந்து படிவத்தின் ஓரத்தில் எழுதும் பழக்கம் வந்தது. என் பெட்டியில் இன்று மதிப்புள்ளவை அந்த ஓரக் குறிப்புகள்தான்.

சம்பளம் பற்றிக் கட்டுரையில் போட்ட எண்கள் பெருநகரத்து எண்கள். மாவட்டத்தில் இருப்பவருக்கு எப்போதும் ஒப்பந்தம், பதினோரு மாதம். திட்டம் முடிந்து அடுத்த திட்டம் வரும்வரை ஒரு முறை ஆறு மாதம் நூல் கடையில் கணக்கு எழுதினேன். சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் நூல் விலை ஏறினால் முதலில் யாருக்கு வேலை போகிறது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். இப்போது நல்ல வழிகளும் வந்திருக்கின்றன. மகாத்மா காந்தி தேசிய ஃபெலோஷிப் ஐ.ஐ.எம். மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டு இளைஞர்களை மாவட்ட நிர்வாகத்தோடு இரண்டு ஆண்டு வைத்தது. தமிழக அரசும் 2022இல் முதலமைச்சர் ஃபெலோஷிப் தொடங்கியது. வருகிறவர்கள் கெட்டிக்காரர்கள். பனியன் கம்பெனி எது, பவர்டேபிள் எது என்று பிரித்துத் தெரிந்துகொள்ளும்போது அவர்கள் காலம் முடிந்துவிடுகிறது. அடுத்து வருகிறவர் மறுபடி முதலிலிருந்து.

அதனால் என் கோரிக்கை சின்னது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் திறன் குழு இருக்கிறது. அதற்கு நிரந்தரமாக ஒரு ஆள் போடட்டும், அந்த மாவட்டத்து ஆளாக. அப்புறம், அறிக்கையைத் தமிழில் வெளியிடட்டும். நான் கைவைத்த ஆறு அறிக்கைகளில் ஒன்றுகூடத் தமிழில் வரவில்லை. ஓவர்லாக் டெய்லர் ஒருவர் அதைப் படித்திருந்தால் அந்த டெய்லர் பிழையை ஒரு நிமிடத்தில் பிடித்திருப்பார்.

அக்கா மகன் பி.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. வரும் சனிக்கிழமை அனுப்பர்பாளையத்துக்குக் கூட்டிப்போகிறேன். லேப்டாப் வேண்டாம், நோட்டும் செருப்பும் போதும் என்று சொல்லியிருக்கிறேன். பட்டறையில் நுழைந்ததும் எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்காதே, போன வருடம் யார் விட்டுப் போனார்கள், எங்கே போனார்கள் என்று கேள் என்றும் சொல்லியிருக்கிறேன். என்ன எழுதிக்கொண்டு வருகிறான் என்று பார்ப்போம்.

நடப்பு ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. எனவே பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கள ஆய்வாளர் ஒருவர்,
பல்லடம்