டி.சி. கேட்கும் முன் ஒரு கணக்கு: 2025-26 கல்வியாண்டுத் தொடக்கக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஜூன் 2-ஆம் தேதி பள்ளி திறந்ததிலிருந்து அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது இரண்டுதான். "பையனை நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல்ல சேர்க்கறோமுங்க, டி.சி. எப்பக் கிடைக்கும்?" என்பது ஒன்று. "கவர்மென்ட் பணம் வருதில்லீங்க, அப்புறம் பாத்ரூம் ஏன் இப்படி இருக்குது?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் இங்கே விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் தேர்ச்சி விகிதம். 2024 பிளஸ் டூ தேர்வில் 97.45 சதவீதத்துடன் திருப்பூர் மாவட்டம் மாநிலத்தில் முதலிடம். ஈரோடு 97.42. இந்த ஆண்டு (2025) அரியலூர் முந்திக்கொள்ள, ஈரோடு இரண்டாம் இடத்தில் நின்றது. நம் பக்கத்துக்குப் பெருமைதான். ஆனால் இந்த எண்ணில் தனியார் பள்ளிகளும் சேர்ந்திருக்கின்றன. மாநில அளவில் இந்த ஆண்டு மொத்தத் தேர்ச்சி 95.03, அரசுப் பள்ளிகள் மட்டும் என்றால் 91.94. இன்னொன்றும் உண்டு: தேர்வு எழுதியவர்களை வைத்துத்தான் இந்த விகிதம் போடுகிறார்கள். தீபாவளி போனஸ் சமயத்தில் பனியன் கம்பெனிக்குக் கை மடிக்கவும் பிசிறு வெட்டவும் போய், அப்படியே திரும்பாமல் போன பையன் இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. என்னைக் கேட்டால், பள்ளியின் உண்மையான மதிப்பெண் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பிளஸ் டூ முடித்தார்கள் என்பதுதான்.

இனி டி.சி. விஷயம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. அதில் சேர்பவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நிபந்தனை ஒன்றுதான்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். (கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு.) நடுவில் ஒரே ஒரு வருடம் தனியார் பள்ளிக்குப் போய் வந்தாலும் தகுதி போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறினாலும் 7.5 கிடையாது, "அதுவும் கவர்மென்ட் மாதிரிதானுங்களே" என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் என்று கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, அதற்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தார்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். இதில் உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி மாணவர்களுக்கு மட்டும் இடமுண்டு.

ஒன்பதிலோ பதினொன்றிலோ மாற்ற நினைப்பவர்கள், அங்கே படிக்கும் வருடங்களுக்குக் கட்டப்போகும் பணத்தோடு, நான்கு வருடப் பொறியியல் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். அதன் பிறகும் டி.சி. வேண்டும் என்றால் தடை சொல்லாமல் கொடுப்போம்.

எட்டாம் வகுப்புப் பெற்றோர் தனியாகக் கவனிக்க வேண்டியது தேசிய வருவாய் வழி மற்றும் திறன் தேர்வு. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் எழுதலாம். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம். பிள்ளைகள் கோட்டை விடுவது பெரும்பாலும் வட்டம் நிரப்பும் விடைத்தாளில்தான். தெரியாத கேள்வி ஒன்றைத் தாண்டும்போது அதற்கான வட்டத்தையும் தாண்ட மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எல்லா விடையும் ஒரு வரிசை மேலே ஏறிவிடும். வட்டத்தை நிரப்பாமல் டிக் போட்டு வைப்பதும் உண்டு. அதனால் இந்த ஆண்டு ஏழாம் வகுப்பிலிருந்தே மாதம் ஒரு பயிற்சித் தேர்வு, உண்மையான விடைத்தாளின் நகலில், கறுப்பு பால்பாயின்ட் பேனாவில். பணம் வாங்கத் தொடங்கிய பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் (பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 55) எடுத்தால்தான் பிளஸ் ஒன்னில் தொடரும். தனியார் பள்ளிக்கு மாறினால் இதுவும் நின்றுவிடும்.

இப்போது பாத்ரூம் கேள்வி. அன்றாடச் செலவுக்குப் பள்ளிக்கு வருவது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம். 101 முதல் 250 மாணவர் வரை 50,000 ரூபாய். 251 முதல் 1,000 வரை 75,000. நம் பள்ளி இந்தப் பிரிவில் இருக்கிறது. 251 பேர் என்றாலும் 1,000 பேர் என்றாலும் அதே தொகைதான். அதில் பத்து சதவீதம், அதாவது 7,500 ரூபாய், தூய்மைப் பணிக்கு. மீதியில் சாக்பீஸ், பதிவேடு, இணையக் கட்டணம், ஆய்வகப் பொருள், மின்விசிறி ரிப்பேர், குழாய் ரிப்பேர் எல்லாம் அடங்க வேண்டும்.

இந்தப் பணமும் ஜூனில் வராது. திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. 2024-25-க்கான ஒன்றியப் பங்கு 2,152 கோடி ரூபாய், பி.எம்.ஸ்ரீ (ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டம்) ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததை ஒட்டி நின்றுபோனது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. பள்ளி அளவில் இதன் விளைவு, பணம் அரையாண்டுக்குப் பிறகு வந்து, மார்ச் 31-க்குள் செலவாக வேண்டும் என்பது. ஜூலையில் உடைந்த குழாய்க்கு ஜனவரியில் பணம்.

நம் ஊர்க் குழாய் உடைவதற்கும் காரணம் இருக்கிறது. போர்வெல் தண்ணீர் முழுக்க உப்பு. குழாய்க்குள் உப்புப் பொரிந்து திருகு இறுகுகிறது. பிள்ளைகள் இரண்டு கையாலும் முறுக்கும்போது பிளாஸ்டிக் குழாயின் கழுத்து முறிந்துவிடுகிறது. பிறகு தொட்டி காலி, கழிப்பறையில் தண்ணீர் இல்லை, நாற்றம். குடிதண்ணீர் வடிகட்டியின் மெம்ப்ரேனும் (வடிகட்டும் சவ்வு) இதே உப்பால்தான் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. ஆகவே இந்த ஆண்டு முதலில் பித்தளைக் குழாய், கால்வாசிச் சுற்று திருப்பினாலே போதுகிற வகை. பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தொடங்கி, பணம் வரும் அளவுக்கு மற்றவை. ஆற்றுத் தண்ணீர் இணைப்பைப் பள்ளித் தொட்டிக்கு நேராகத் தரும்படி ஊராட்சிக்கு மனு கொடுக்கிறோம். கிராம சபையில் நீங்களும் எழுந்து கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.

காலிப் பணியிடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியரை வைக்கலாம்: பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 15,000, முதுநிலை ஆசிரியருக்கு 18,000. இயற்பியல், கணிதத்துக்கு இந்தச் சம்பளத்தில் வருபவர்கள் நடு வருடத்தில் வேறு இடம் கிடைத்துப் போய்விடுகிறார்கள். தகுதியுள்ளவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள்.

முன்னாள் மாணவர்களும் கம்பெனி வைத்திருப்பவர்களும் உதவ முன்வருகிறார்கள், நன்றி. பணமாக எந்த ஆசிரியரிடமும், என்னிடமும், தர வேண்டாம். 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' இணையதளத்தில் பள்ளியையும் வேலையையும் தேர்ந்தெடுத்துச் செலுத்தினால் ரசீதும் வரும். ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது: சுவருக்கு வண்ணம் அடித்துப் பெயர் எழுதக் கேட்பவர்கள் பலர், தூய்மைப் பணியாளருக்கு மாதச் சம்பளம் தருகிறேன் என்று வருபவர் அரிது. இப்போதைக்கு நமக்கு வேண்டியது இரண்டாவது வகை.

வருகிற வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்துக்கு வரும்போது பிள்ளையின் ஆதார், வங்கிப் புத்தகம், சாதிச் சான்று ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். மூன்றிலும் பெயரும் இனிஷியலும், ஆதாரில் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று எமிஸ் (கல்வித் துறையின் இணையவழி மாணவர் விவரத் தொகுப்பு) பதிவோடு ஒப்பிட்டுத் தருவோம். வங்கியில் ஆதார் கொடுத்துவிட்டோம் என்பது போதாது; உதவித்தொகை வந்து சேர அந்தக் கணக்கை ஆதாருடன் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இணைக்கச் சொல்லி வங்கியில் தனியாகப் படிவம் தர வேண்டும். இரண்டு கணக்கு இருந்தால் கடைசியாக இணைத்ததில்தான் பணம் விழும். வருமானச் சான்று ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதால் அதை இப்போதே வாங்க வேண்டாம். நவம்பரில் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் டிசம்பர் வாக்கில் வரும் எட்டாம் வகுப்புத் திறன் தேர்வு விண்ணப்பத்துக்குச் சரியாக இருக்கும்.

ஷிப்டு விட்டு வருபவர்களுக்காக அன்று மாலை 6.30 வரை அலுவலகம் திறந்திருக்கும். அம்மா, அப்பா இருவருக்கும் முடியாவிட்டால் அப்புச்சி, அம்மாயி யார் வந்தாலும் சரி, காகிதங்கள் வந்தால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி