கோத்தகிரியிலிருந்து ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் எனக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியன் வேலை நிரந்தரமானது. ஆர்டர் கைக்கு வந்த அன்றே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. கொழுந்து வரத்து அதிகமான சமயம், மோட்டார்கள் என்னை விடவில்லை.

1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் குடியேறியவர் என் தாத்தா. பாட்டிக்கும் அம்மாவுக்கும் கொழுந்துக் கூடைதான். அது வேண்டாம் என்கிற, லயன் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளின் பிள்ளைகள் மலையை விட்டு இறங்கிவிடுவார்கள். நானும் இறங்கினேன், திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆறு வருடம் செக்கிங். இருபத்தைந்து வயதில் திரும்பி வந்தபோது, இனிமேல் என்ன படிப்பு என்றிருந்தேன்.

அரசு ஐடிஐயில் சேரப் பெண்களுக்கு வயது வரம்பே இல்லை என்று சொன்னவர், ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அக்கா. பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்குத்தான் முதல் நன்றி.

என் மதிப்பெண் சான்றிதழில் ஓர் இனிஷியல், ஆதாரில் வேறொன்று. அதைத் திருத்தப் போன இடத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். குன்னூர் ஐடிஐயில் சேர்க்கை பார்த்த அண்ணன்தான், என்ன எழுத வேண்டும், எதை இணைக்க வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் குறித்துக் கொடுத்தார். நான்காவது முறை வேலை முடிந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. பஸ் பாஸ் இலவசம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. சின்னத் தொகைதான். ஆனால் இருபத்தைந்து வயதில் அம்மாவிடம் கைநீட்டாமல் இருக்க அது போதுமாக இருந்தது.

எங்கள் பயிற்சி ஆசிரியர் ஐயாவுக்கு என்ன சொல்வது? டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கம்பியைத் தொட்டால் அன்று முழுவதும் பாடம் கிடையாது, ஸ்டோர் ரூமைப் பெருக்க வேண்டும். நான் இரண்டு முறை பெருக்கினேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், கொழுந்து வாட்டும் தொட்டியின் மின்விசிறி சுற்றாமல் உறுமிக்கொண்டு நின்றது. மோட்டார் போய்விட்டது, கழற்றிக் கோவைக்கு அனுப்பலாம் என்றார்கள். மெயினை அணைத்துவிட்டு டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், பிறகு பியூஸ்களைக் கழற்றினேன். மூன்றில் ஒன்று எரிந்திருந்தது. மாற்றியதும் விசிறி ஓடியது. ஐயா, அன்று உங்களை நினைத்துக்கொண்டேன்.

வேலைவாய்ப்பு முகாமுக்கு வரச் சொல்லிக் கைப்பேசியில் அழைத்த உதகை பிங்கர்போஸ்ட் வேலைவாய்ப்பு அலுவலக ஊழியர்களுக்கும் நன்றி. உரிமையோடு ஒன்று கேட்கிறேன். அன்று வந்திருந்த கம்பெனிகளில் பெரும்பாலானவை கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர். மலையில் ஆள் தேடிய மேசை ஒன்றே ஒன்று. அதில்தான் எனக்கு இடம் கிடைத்தது. அடுத்த முகாமுக்கு இங்குள்ள தேயிலைத் தொழிற்சாலைகளையும் ஓட்டல்களையும் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தி அழையுங்கள்.

கடைசியாக, அடுத்த லயன் பெரியத்தைக்கு. இரண்டு வருடம், காலை ஆறு மணி பனியில், காட்டெருமை நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே பஸ் நிறுத்தம் வரை கூட வந்தீர்கள். அந்த டார்ச் இன்னும் என் பையில்தான் இருக்கிறது, அத்தை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். சுவிட்ச் லூசாக இருந்தது, சரிசெய்துவிட்டேன்.