பசையை மறந்த கட்டுரை

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த போர் விமானக் கட்டுரையில், இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டனின் இலகுரகக் குண்டுவீச்சு விமானமான மஸ்கிட்டோவுக்கு நான்கே வரிகள். அதிலும் அதன் மெர்லின் எஞ்சினுக்குத்தான் முழுப் புகழும். தச்சுப் பட்டறையிலேயே காலம் தள்ளிய எனக்கு மனம் ஒப்பவில்லை.

அது மர விமானம் ஐயா! இரண்டு பிர்ச் மர ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே மிக இலேசான பால்சா மரம். உடற்பகுதியை நீளவாக்கில் இரண்டு பாதிகளாக அச்சில் வைத்து உருவாக்கி, உள்ளே கம்பிகளையும் குழாய்களையும் பொருத்திய பிறகே சேர்த்து ஒட்டினார்கள். மேசை நாற்காலி செய்தவர்களுக்கெல்லாம் அதில் வேலை கிடைத்தது. 1940 நவம்பரில் முதலில் பறந்த இது, துப்பாக்கியே இல்லாமல் வேகத்தை நம்பிக் குண்டு வீசப் போனது.

முதலில் பூசியது பாலிலிருந்து எடுத்த கேசீன் பசை. பிறகு ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள் கலந்த பசைக்கு மாறினார்கள். 1944-ல் இந்திய, பர்மா வட்டாரத்தில் இறக்கைகள் பிளந்து விபத்துகள் நேர்ந்தன. வெயில், ஈரத்தின் மீது பழி விழுந்தாலும், ஒழுங்காகப் பொருந்தாத மூட்டுகளும் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. எந்தத் தச்சனைக் கேட்டாலும் முதலில் மூட்டைத்தான் பார்த்திருப்பான்.

'துல்லியத் தாக்குதல்' என்று கட்டுரையாளர் மெச்சுகிறார். 1945 மார்ச் 21 அன்று டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவின் அலுவலகத்தைத் தாக்கச் சென்ற மஸ்கிட்டோக்களுள் ஒன்று பள்ளிக்கூடம் அருகே விழுந்தது. அந்தப் புகையை இலக்கென்று எண்ணிப் பின்னால் வந்தவை குண்டு வீசியதில் 86 குழந்தைகள் இறந்தார்கள். அதற்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சர்,
தேவகோட்டை