கோர்ட் வாசல்ல ஏமாந்துடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எங்க அக்கா பையன ஒரு அடிதடி கேஸ்ல ரிமாண்ட் பண்ணிட்டாங்க, எங்களுக்கு கையும் ஓடல காலும் ஓடல, கோர்ட் எதுத்த டீக்கடைல ஒருத்தர் வந்து மூணே நாள்ல ஜாமீன் கியாரண்டின்னு 40,000 ரூபா வாங்கிட்டாரு, ரசீது கேட்டதுக்கு முறைச்சாரு. இருபது நாள் கழிச்சு பாத்தா வக்காலத்துல, அதான் வக்கீல் நமக்காக ஆஜராக நாம கையெழுத்து போட்டு குடுக்குற பத்திரம், அதுல பையன்கிட்ட ஜெயில்ல போய் கையெழுத்தே வாங்கல! ஜாமீன் ஜட்ஜ் கைல இருக்குற விஷயம், கியாரண்டின்னு சொன்னாலே எந்திரிச்சு வந்துடுங்க.

அப்புறம்தான் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு போனோம். காவல்ல இருக்கவங்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் உண்டுன்னு 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத்துலயே இருக்காம், எங்களுக்கு யாரும் சொல்லல. வந்த வக்கீலம்மா முதல்ல கேட்டதே எஃப்ஐஆர் நகலும் ரிமாண்ட் தேதியும்தான், காலண்டர்ல விரல் வச்சு எண்ணுனாங்க, இந்த மாதிரி கேஸ்ல ரிமாண்ட் ஆகி 60 நாள்ல போலீஸ் சார்ஜ் ஷீட் (குற்றப்பத்திரிகை) போடலன்னா ஜாமீன் நம்ம உரிமைன்னாங்க, 61வது நாள் காலைலயே மனு போட்டாங்க, பையன் வெளிய வந்துட்டான்.

15100ங்கிற இலவச சட்ட உதவி நம்பர ஒவ்வொரு ஸ்டேஷன் வாசல்லயும் பெருசா எழுதி வைக்கணும் ஐயா.

- ஒரு வாசகி, விழுப்புரம்