மூத்தவன் லண்டன் வர முதல்

அன்பின் மச்சான்,

அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்ததென்று எழுதியிருந்தாய். பெரிய நிம்மதி. மூத்தவன் செப்டெம்பரில் இங்கே படிக்க வருகிறான் என்ற வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். வந்ததும் பகுதிநேர வேலை தேடுவான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீயும் நானும் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்தே வளர்ந்தவர்கள். சென்றியில், ஆமிக்காரரின் சோதனைச் சாவடியில், சைக்கிளை விட்டு இறங்கி அதை நீட்டின பழக்கம் என்னை விட்டு இன்னும் போகவில்லை. உன் மகனுக்கு நீட்டுவதற்கு ஒரு அட்டையும் இல்லை. இப்போது விசா முழுவதும் இணையத்தில். வேலை கிடைத்தால் அவன் இணையத்தில் தன் விசாக் கணக்குக்குள் போய், வேலை செய்யும் உரிமையை முதலாளிக்குக் காட்ட 'ஷேர் கோட்' என்ற குறியீடு எடுக்கவேணும். எழுத்தும் எண்ணுமாக ஒன்பது, வேலைக்கானது டபிள்யூவில் தொடங்கும், 90 நாள் செல்லும். முதலாளி அதையும் பிறந்த திகதியையும் அரசாங்கத் தளத்தில் போட்டால் பெடியனின் படமும் எத்தனை மணிநேரம் வேலை செய்யலாம் என்பதும் வரும். போனில் எடுத்த ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டினால் செல்லாது. வரிக்கும் காப்புறுதிக்கும் தருகிற நஷனல் இன்சூரன்ஸ் நம்பரும் வேலை உரிமைக்கு அத்தாட்சி இல்லை.

இதை வேலை தொடங்க முதலே பார்க்கவேணும். "இண்டைக்கு நிண்டு பழகு, பேப்பர் பிறகு பாப்பம்" என்று யாராவது சொன்னால் அங்கே நிற்கவேண்டாம் என்று சொல்லிவிடு. கேட்கிறார்களே என்று அவன் மனம் நோகவும் தேவையில்லை. இங்கே பிறந்த வெள்ளைக்காரரும் பாஸ்போர்ட்டோ பிறப்புச் சான்றிதழோ காட்டித்தான் சேருகிறார்கள்.

2019இல் எனக்கு நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. விசா முடியப் பத்து நாள் இருக்கும்போதே நீட்டிப்புக்குப் போட்டிருந்தேன். முடிவு வரும்வரை பழைய உரிமை தொடரும் என்பது சட்டம். ஆனால் அப்போதிருந்த விசா அட்டையில் திகதி போய்விட்டதென்று மேலாளர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். உரிமை இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் தண்டம், அவருக்கு அந்தப் பயம். அப்போது ஒரு ஆளுக்கு 20,000 பவுண் வரை. 2024 பெப்ரவரியில் இருந்து முதல் தடவைக்கே 45,000 வரை, திரும்பப் பிடிபட்டால் 60,000. மூன்று கிழமை சம்பளம் இல்லை. இப்படியான ஆட்களுக்கு முதலாளியே உள்துறை அலுவலகத்திடம் கேட்டு உறுதிக் கடிதம் எடுக்கலாம், அது ஆறு மாதம் செல்லும் என்று ஒரு வக்கீல்தான் சொன்னார். நான் போய்ச் சொன்ன பிறகுதான் கேட்டார்கள். எனக்கு இருந்த உரிமையை எனக்கே கேட்கத் தெரியாமல் வீட்டில் இருந்தேனே என்பது இன்னும் வலிக்கிறது.

பட்டப்படிப்பு மாணவன் என்றால் தவணை நேரத்தில் கிழமைக்கு 20 மணிநேரம் மட்டும்தான். முதலாளி பல்கலைக்கழகத்தின் தவணைத் திகதிகளையும் கேட்பார். அதைக் காட்டும் கடிதத்தைப் பல்கலைக்கழகத்தில் முதலே எடுத்து வைக்கட்டும். இன்னொன்று, எனக்கு மிகவும் பயமான விஷயம். வேறு ஆளின் கணக்கில் சாப்பாடு டெலிவரி ஓடச் சொல்லி எங்கட ஆட்களே கூப்பிடுவார்கள். அது சுயதொழில், மாணவ விசாவில் சுயதொழிலே செய்யக்கூடாது. பிடிபட்டால் படிப்பும் விசாவும் சேர்ந்து போகும். நீ காணியை ஈடு வைத்து அனுப்புகிறாய் மச்சான்.

பாஸ்போர்ட் புதுப்பித்தால் அந்த நம்பரைக் கணக்கில் மாற்றவும் சொல்லு. ஹீத்ரோவுக்கு நான் வருவேன். முதல் கிழமை எங்களோடு இருக்கட்டும். பின்னேரம் மேசையில் இருத்தி அந்த 'ஷேர் கோட்'டை ஒருக்கால் எடுத்துப் பார்க்க வைக்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்