தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டாதாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் கணினிப் பேராசிரியர் சீமோர் பேப்பர்ட் பற்றிய கட்டுரையை ஆசையாகத்தான் படித்தேன். கடைசியில், 'இதெல்லாம் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரம்' என்று ஒரு வரி. பசியாற உட்கார்ந்தவன், பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

அவர் வரலாறு தாங்கள் அறியாததா? தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். அப்பா செட்சி ஈயை ஆராயக் காடுமேடாக அலைந்தவர். வண்டியின் பல்சக்கரங்களை மனத்தில் சுழற்றித்தான் பெருக்கல் கணக்கைப் பிடித்துக்கொண்டதாக, 1980-இல் வந்த 'மைண்ட்ஸ்டோர்ம்ஸ்' நூலின் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். டிராக்டர் பட்டறை வாசலில் விளையாடி வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கா பல்சக்கரம் எட்டாது?

1967-இல் வந்த லோகோ கணினி மொழியையும் அவர் ஒருவரே உருவாக்கியதாக எழுதிவிட்டீர்கள். வாலி பியூர்சைக், சிந்தியா சாலமன் எங்கே போனார்கள்? அதிலும் பெண் பெயர் விட்டுப்போவது நம் பத்திரிகைகளுக்குப் புதிதில்லை.

நான் சுங்கை சிப்புட் பக்கம் தமிழ்ப்பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். எங்களுக்கும் கணினி வந்தது. வந்த வேகத்தில் அறையைப் பூட்டினார்கள். 'பழுதானால் யார் பதில் சொல்வது?' என்றது மேலிடம். பிள்ளைகள் ஜன்னல் கம்பி வழியாகப் பிளாஸ்டிக் உறையைத் தரிசித்துவிட்டு வருவார்கள். சரி என்று திடலிலேயே லோகோ நடத்தினேன். லோகோ திரையில் கட்டளைப்படி நகர்ந்து கோடு போடும் ஆமை ஒன்று உண்டு; திடலில் ஒருவன் ஆமை, மற்றவர்கள் கட்டளை. 'முன்னே 10, வலது 90' நாலு தடவை சொன்னால் சதுரம். நட்சத்திரம் வேண்டும் என்றார்கள். 72 பாகை திரும்பிப் பார்த்தால் ஐங்கோணம்தான் வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவரின் மகள் ஒருத்தி மண்ணில் குச்சியால் கிழித்துப் பார்த்து, "ஐயா, ரெண்டு மடங்கு திரும்பணும்" என்றாள். 144. எட்டாத உயரம்!

1999-இல் கணினிவழிப் பாடம் நடத்தும் பெஸ்தாரி பள்ளிச் சோதனை தொடங்கியபோது பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். எங்கள் பள்ளிக் கூரை ஒழுகுவதாக நான் எழுதிய கடிதத்துக்கு மட்டும் இடமில்லை. ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆர் இருந்தவரை எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளையின் படமாவது வந்தது. 2021-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். தோட்டப் பள்ளியை நினைக்க உங்களுக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை போலும்.

மாணவர் பகுதியில் வாரம் கால் பக்கம் லோகோ பயிற்சி போடுங்கள். கட்டம் போட்ட தாள் போதும், கணினி வேண்டாம். நானே எழுதித் தருகிறேன், சன்மானமும் வேண்டாம். அப்புறம், அந்த மாணவர் இணைப்பு எங்கள் ஊர்க் கடைக்கு நாள் கடந்துதான் வருகிறது; விநியோகப் பிரிவில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.